சராசரிக்குள் மறைந்துபோகும் நிமிடங்கள்: தோட்டத்து மைதானத்தில் உதைபந்தாட்ட வீரரின் உச்ச உழைப்பை அளப்பது எப்படி?

இறக்குவானைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சுற்றுப்போட்டி. ஆட்டம் 70 நிமிடத்தைத் தொட்டிருக்கும். வலது பின்களத்தில் ஆடிய பத்தொன்பது வயதுப் பையன் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனை வெளியில் எடுத்து இன்னொருவரை இறக்கினார்கள். பயிற்றுவிப்பாளராக நின்றவர் என்னைப் பார்த்து, "இவனுக்கு ஸ்டமினா இல்லண்ணே. தொண்ணூறு நிமிஷம் தாங்க மாட்டான்" என்றார். குரலில் கோபம் இல்லை, சலிப்புத்தான் இருந்தது.

அந்தப் பையன் எனக்கு மருமகன் முறை. ஒரு கிழமையாகப் பெய்த மழையில் பால்வெட்டு நின்றுபோயிருந்ததால், ஞாயிற்றுக்கிழமையான அன்றும் தோட்டத்தில் வேலை இருந்தது. விடியுமுன் எழும்பி, சரிவில் ஏறி இறங்கி இறப்பர் மரங்களை வெட்டி, பாலைச் சேர்த்து, வாளியைச் சுமந்து ஸ்டோரில் கொடுத்துவிட்டுத்தான் அவன் மைதானத்துக்கு வந்திருந்தான். இவ்வளவையும் செய்கிறவனுக்கு ஸ்டமினா இல்லை என்று எப்படிச் சொல்வது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது.

என் அம்மம்மாவின் குடும்பம் இந்தப் பக்கத்திலிருந்து போனதுதான். 1977 ஓகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு வவுனியாவுக்கும், அங்கிருந்து கிளிநொச்சிக்கும் போனார்கள். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பக்கங்களில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு இன்னும் பலர் அதே வழியில் போனார்கள். அங்கே அவர்களுக்கு என்ன காத்திருந்தது என்பதை இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போகாமல் தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இந்தச் சரிவுகளில் பந்து உதைக்கிறார்கள். போனவர்களின் பேரப்பிள்ளைகள் வன்னியில் உதைக்கிறார்கள். இரண்டு இடங்களிலும் "ஸ்டமினா இல்லை" என்ற ஒரே சொல்லால் பையன்கள் கழித்துவிடப்படுகிறார்கள். அந்தச் சொல்லை அளந்து பார்க்க முடியும். எப்படி என்பதைக் கீழே தருகிறேன்.

சராசரி எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது?

உதைபந்தாட்ட வீரர் ஓடும் தூரத்தை ஒழுங்காக அளந்த ஆரம்பகால ஆய்வுகளில் முக்கியமானது 1976இல் வெளிவந்தது. தொம் ரெய்லி, வோகன் தொமஸ் என்ற இருவர் இங்கிலாந்தின் எவர்ட்டன் கழக வீரர்களைப் பார்த்துச் செய்த ஆய்வு அது. அப்போது செய்மதிக் கருவி கிடையாது. ஒரு ஆட்டத்தில் ஒரு வீரரை மட்டும் கண்ணால் தொடர்ந்து, மைதானத்தின் அடையாளங்களை அளவுகோலாக வைத்து, நடந்தாரா, மெதுவாக ஓடினாரா, விரைந்து ஓடினாரா என்று ஒலிப்பதிவு நாடாவில் சொல்லிச் சொல்லிப் பதிந்தார்கள். ஒரு வீரர் ஒரு ஆட்டத்தில் சராசரியாக 8.7 கிலோமீற்றர் அளவில் ஓடினார் என்று கண்டார்கள். இன்றைய உயர்மட்ட ஆட்டத்தில் அது 10 முதல் 13 கிலோமீற்றர் வரை போகிறது. கோல் காப்பாளர் இதைவிட மிகக் குறைவாகத்தான் ஓடுவார்.

தொண்ணூறு நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 110 முதல் 140 மீற்றர். வேகமாக நடப்பதை விடச் சற்றுக் கூடுதலான வேகம்தான் இது. தோட்டத்துப் பையன் ஒருவன் இந்த வேகத்தில் பொழுது சாயும்வரை போவான்.

ஆனால் யாரும் தொண்ணூறு நிமிடமும் ஒரே வேகத்தில் ஆடுவதில்லை. ஆட்டத்தின் பெரும்பகுதி நிற்பதிலும் நடப்பதிலும் மெதுவாக ஓடுவதிலும் போகிறது. நடுவில் சில நிமிடங்கள் மட்டும் எல்லாம் ஒன்றாக வருகின்றன. எதிரணியின் மூலை உதை, பந்தை வென்று எதிர்த்தாக்குதல், அது உடைந்து திரும்பி ஓட்டம், மறுபடியும் தற்காப்பு. அந்தச் சில நிமிடங்களில்தான் கோல் விழுகிறது. தொடைப் பின்தசை கிழிவதும், பையன் உட்கார்ந்துவிடுவதும் அங்கேதான்.

2003இல் மாக்னி மோர், பீற்றர் குருஸ்த்ருப், யென்ஸ் பாங்ஸ்போ ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இத்தாலியின் உயர்மட்ட வீரர்களையும் அவர்களுக்கு ஒரு படி கீழே இருந்த டென்மார்க் வீரர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். மொத்தத் தூரத்தில் வித்தியாசம் சிறிது: 10.86 கிலோமீற்றர், 10.33 கிலோமீற்றர். உயர் வேக ஓட்டத்திலோ உயர்மட்ட வீரர்கள் 28 வீதம் கூடுதல். முழுவேக ஓட்டத்தில் 58 வீதம் கூடுதல். எவ்வளவு ஓடினான் என்பதை வைத்து ஆட்டக்காரனைப் பிரித்தறிய முடியவில்லை. எவ்வளவு கடுமையாக ஓடினான் என்பதை வைத்துத்தான் முடிந்தது.

'உச்ச உழைப்பு' என்றால் என்ன?

ஆட்டத்தில் ஒரு வீரர் மிகக் கடுமையாக உழைத்த ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம் எவை, அவற்றில் எவ்வளவு உழைத்தார் என்பதைத்தான் ஆய்வாளர்கள் 'உச்ச உழைப்பு' என்கிறார்கள். தூரத்தை வைத்துப் பார்த்தால், உயர்மட்ட ஆட்டத்தில் மிகக் கடுமையான ஒரு நிமிடத்தில் வீரர் 180 முதல் 200 மீற்றர் வரை போகிறார். நேரத்தை நீட்ட நீட்ட நிமிடத்துக்கான தூரம் குறைகிறது. பத்து நிமிடமாக எடுத்தால் அது ஆட்டத்தின் சராசரிக்குச் சற்று மேலே வந்து நிற்கும்.

உச்சத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில் ஒரு பொறி உண்டு. ஆட்டத்தை 0–5, 5–10, 10–15 என்று ஐந்து ஐந்து நிமிடமாக வெட்டி, கூடிய தொகை உள்ள துண்டை எடுப்பது பழைய வழி. கடுமையான நேரம் அந்த வெட்டுக்களுக்குப் பணிந்து வருவதில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். விளக்கத்துக்காக நானே எழுதிய எண்கள் இவை. பத்து நிமிடங்களில் ஒரு வீரர் போன தூரம், மீற்றரில்:

90, 100, 95, 150, 170, 180, 140, 90, 80, 85

பத்து நிமிடச் சராசரி 118. வழமையான ஆட்டம் போலத் தெரிகிறது. ஐந்தாக வெட்டினால் முதல் துண்டு 605, அதாவது நிமிடத்துக்கு 121. இரண்டாவது துண்டு 575, நிமிடத்துக்கு 115. இதிலும் பெரிதாக எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. இப்போது மூன்றாவது நிமிடத்திலிருந்து ஏழாவது நிமிடம் வரை கூட்டிப் பாருங்கள்: 95 + 150 + 170 + 180 + 140 = 735. நிமிடத்துக்கு 147 மீற்றர். உச்சம் வெட்டுக்கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. கோடு அதை இரண்டாகப் பிளந்து மறைத்துவிட்டது.

ஆகவே நகரும் கணக்குத்தான் சரி. முதல் ஐந்து நிமிடம், பிறகு ஒரு நிமிடம் தள்ளி அடுத்த ஐந்து, இன்னும் ஒன்று தள்ளி அடுத்த ஐந்து என்று போக வேண்டும். வெட்டிப் பார்க்கும் பழைய முறை, அதிவேக ஓட்டத்தின் உச்சத்தை 25 வீதம் வரை குறைத்துக் காட்டலாம் என்று அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2012இல் எழுதினார்கள்.

தூரம் மட்டும் போதுமா?

போதாது. சர்வதேச ஆய்வுகளில் மணிக்கு 19.8 கிலோமீற்றரைத் தாண்டினால் உயர் வேகம், 25.2ஐத் தாண்டினால் முழுவேகம் என்ற கணக்கு பரவலாகப் புழங்குகிறது. மைதானத்து மொழியில் சொன்னால், பத்து மீற்றரை 1.8 செக்கனுக்குள் கடந்தால் உயர் வேகம், 1.4 செக்கனுக்குள் கடந்தால் முழுவேகம்.

இதைவிட முக்கியமானவை திடீரென வேகமெடுப்பதும் திடீரென நிற்பதும். நின்ற இடத்திலிருந்து ஐந்து மீற்றர் பாய்ந்து, நின்று, திரும்பும் வீரர் தூரக் கணக்கில் பத்து மீற்றர்தான் சேர்ப்பார். உடலுக்கு அது பெரிய செலவு. குறிப்பாக, நிற்கும்போது தொடைத் தசை நீண்டபடியே இழுபடுகிறது. மறுநாள் காலையில் படி இறங்கும்போது வலிப்பது அதனால்தான்.

இந்த இடத்தில் நமது மைதானங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்வதேச மைதானம் பொதுவாக 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம். சப்ரகமுவ தோட்டங்களில் நான் பார்த்த மைதானங்களில் பல, சரிவை வெட்டிச் சமப்படுத்தியவை. நீளமும் அகலமும் குறைவு, ஒரு பக்கம் சாய்வு. மைதானம் சிறுத்தால் முழுவேகத்துக்குப் போக இடம் கிடைக்காது. மாறாக, பாய்வதும் நிற்பதும் திரும்புவதும் கூடும். சாய்வில் மேல்நோக்கி ஓடும் பத்து மீற்றரும் கீழ்நோக்கி ஓடும் பத்து மீற்றரும் கருவிக்கு ஒன்றுதான். நெஞ்சுக்கும் தொடைக்கும் ஒன்றல்ல. ஐரோப்பிய அட்டவணையைக் கொண்டுவந்து வைத்து, "இவன் எட்டுக் கிலோமீற்றர்தான் ஓடினான்" என்று தோட்டத்துப் பையனை எடை போடுவது அளவையே பிழையாகப் பிடிப்பது.

ஆடும் இடத்தைப் பொறுத்தும் உச்சம் மாறும். மத்தியகள வீரருக்குத் தூரத்தில் உச்சம் கூடுதலாக வரும். பக்கவாட்டில் ஆடுபவருக்கு முழுவேக ஓட்டத்தில் வரும். நடுப் பின்கள வீரரின் எண்கள் குறைவாகத் தெரியும். ஆனால் பாய்ந்து தலையால் அடிப்பதும் உடலோடு மோதுவதும் எந்தத் தூரக் கணக்கிலும் வராது. ஒரே வீரருக்குக்கூட தூரத்தின் உச்ச நிமிடமும் வேகத்தின் உச்ச நிமிடமும் வெவ்வேறாக இருக்கலாம்.

உச்சத்துக்குப் பிறகு உடலுக்குள் நடப்பது

முன்பு சொன்ன 2003 ஆய்வின் இன்னொரு முடிவு, பயிற்றுவிப்பாளர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. மிகக் கடுமையான ஐந்து நிமிடத்துக்கு அடுத்த ஐந்து நிமிடத்தில், வீரரின் உயர் வேக ஓட்டம் அவருடைய சொந்தச் சராசரியை விட 12 வீதம் குறைந்தது. உயர்மட்டத் தொழில்முறை வீரர்களுக்கே இந்த நிலைமை.

திடீர்ப் பாய்ச்சலுக்குத் தசையில் உடனடியாகக் கிடைக்கும் எரிபொருள் சில செக்கன்களுக்கே போதும். அது மீண்டும் நிரம்ப நிமிடங்கள் வேண்டும். நிரம்புவதற்குள் மறுபடி பாய்ந்தால், தசை தன் சுருங்கும் வலுவைத் தற்காலிகமாக இழக்கிறது. அந்த நேரத்தில் எல்லைக்கோட்டில் நின்று "ஓடுடா, ஓடு" என்று கத்துவது, வற்றிய பீலியின் கீழ் குடத்தை வைத்துவிட்டுத் திட்டுவதற்குச் சமம். நான்கைந்து நிமிடம் விட்டால் பீலியில் தண்ணீர் வரும். வீரருக்கும் அப்படித்தான். அந்த இடைவெளியில் பக்கத்திலிருக்கும் வீரரை அவருடைய இடத்தை மூடச் சொல்லலாம். பந்தைக் கொஞ்ச நேரம் பின்களத்திலேயே சுற்ற விடலாம்.

கருவி இருப்பவர்கள் எப்படி அளக்கிறார்கள்?

பெரிய கழகங்களில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மைதானத்தைச் சுற்றிப் பொருத்திய கமராக்கள் எல்லா வீரர்களின் இடத்தையும் தொடர்ந்து பதிவது. மற்றது, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் வரும்படி ஒரு உள்சட்டையில் செருகும் சிறிய ஜி.பி.எஸ். கருவி. அது செக்கனுக்குப் பத்துத் தடவை இடத்தைப் பதிகிறது. அதனுள் இருக்கும் இன்னொரு உணரி திடீர் அசைவுகளைப் பதிகிறது. ஆட்டங்களின்போது இத்தகைய கருவிகளை அணிய உதைபந்தாட்ட விதிகளை வகுக்கும் சர்வதேச சபை 2015இல் அனுமதித்தது.

தனியாள் பாவனைக்கு விற்கப்படும் ஒரு கருவியின் விலையே தோட்டத் தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் அப்போது 33,750 ரூபாய்தான். பதினொரு பேருக்குக் கருவி வாங்குவது பற்றி மேலே பேச வேண்டியதில்லை.

கைத்தொலைபேசிச் செயலிகளை நம்பலாமா என்று சிலர் கேட்பார்கள். நீண்ட நேர் ஓட்டத்தை அவை ஓரளவு சரியாகக் காட்டும். ஐந்து மீற்றர் பாய்ச்சல், திருப்பம் போன்றவற்றில் தவறிவிடும். மலையும் மரமும் வானத்தை மறைக்கும் இடங்களில் பிழை இன்னும் கூடும். தொலைபேசியைக் காற்சட்டைப் பையில் போட்டு ஆடுவது ஆபத்தும்கூட.

வெறுங்கையோடு அளப்பது எப்படி?

ரெய்லியும் தொமஸும் 1976இல் செய்தது போல நாமும் செய்யலாம். தோட்டத்து மைதானத்துக்கு ஒரு வசதி உண்டு. பெரும்பாலும் மேலே ஒரு மண்மேடோ லயத்து வாசலோ இருக்கும். அங்கே நின்றால் முழு மைதானமும் கண்ணுக்குள் வரும். அடுத்த ஆட்டத்தில் நான் ஒரு கொப்பியோடு அப்படித்தான் நின்றேன்.

முதலில், எல்லைக்கோடு நெடுக பத்து மீற்றருக்கு ஒரு குச்சி நடுங்கள், அல்லது சுண்ணாம்பால் அடையாளம் இடுங்கள். அதுதான் அளவுகோல்.

இரண்டாவது, ஒருவர் ஒரே வீரரை மட்டும் பார்க்க வேண்டும். பந்தைப் பார்க்கக் கூடாது. இதுதான் கடினம், பழக ஒரு ஆட்டம் தேவைப்படும். பக்கத்தில் இன்னொருவர் மணிக்கூட்டைப் பார்த்து ஒவ்வொரு நிமிடமும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கொப்பியில் நிமிடத்துக்கு ஒரு வரி. பத்து மீற்றரை இரண்டு செக்கனுக்குள் கடக்கும் ஓட்டத்துக்கு ஒரு கோடு. திடீரென நின்று திரும்பினால் ஒரு புள்ளி. மோதல், பாய்ந்து தலையடி என்றால் ஒரு பெருக்கல் குறி. கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்து வைத்தால் பிறகு சரிபார்க்கலாம்.

நான்காவது, ஆட்டம் முடிந்ததும் வரிகளை மூன்று மூன்றாகவும் ஐந்து ஐந்தாகவும் நகர்த்திக் கூட்டுங்கள். கூடிய தொகை எங்கே விழுகிறதோ அதுதான் அந்த வீரரின் உச்சம். அதற்கு அடுத்த ஐந்து வரிகளையும் பாருங்கள். அவருக்கு மூச்செடுக்க இடம் கிடைத்ததா என்பது அங்கே தெரியும்.

ஒரு ஆட்டத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. எதிரணி, மழை, முன்னிலையா பின்னடைவா என்பவற்றைப் பொறுத்து உச்சம் ஆட்டத்துக்கு ஆட்டம் பெரிதும் மாறும். குறைந்தது மூன்று நான்கு ஆட்டங்களாவது பாருங்கள்.

ஐந்தாவது, மிகவும் எளியதும் தோட்டத்துக்கு மிகவும் பொருத்தமானதும் இதுதான். ஆட்டம் முடிந்து அரை மணித்தியாலம் கழித்து வீரரிடம், "0 என்றால் ஓய்வு, 10 என்றால் இனி முடியவே முடியாது. எவ்வளவு கஷ்டமாக இருந்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணை ஆடிய நிமிடங்களால் பெருக்குங்கள். அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபொஸ்டர் பரவலாக்கிய இந்த முறையை இன்று பெரிய கழகங்களும் பயன்படுத்துகின்றன.

பயிற்சிக்காக உருவான இந்தக் கேள்வியைத் தோட்ட வேலைக்கும் சேர்த்து மருமகனிடம் கேட்டேன். ஆட்டத்துக்கு 9 என்றான். எழுபது நிமிடம், ஆக 630. காலைப் பால்வெட்டு? "அது பழகிருச்சு மாமா, 4 போடுங்க" என்றான். நான்கு மணித்தியாலம், அதாவது 240 நிமிடம். ஆக 960. மைதானத்துக்குள் கால் வைக்கும் முன்னரே அவன் ஆட்டத்தை விடப் பெரிய சுமையைச் சுமந்து முடித்திருந்தான். அவனுடைய கணக்கு முதல் விசிலோடு தொடங்கவில்லை. பயிற்றுவிப்பாளரிடம் கொப்பியைக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாங்களும் இப்படித்தானே விளையாடினோம்" என்றார்.

பயிற்சியை எப்படி மாற்றுவது?

மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிடுவதுதான் இன்னும் பல இடங்களில் ஸ்டமினாப் பயிற்சி. அது சராசரியைத்தான் பழக்குகிறது. அந்தச் சராசரி தோட்டத்துப் பையன்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது கடுமையான மூன்று நான்கு நிமிடங்களைத் தாங்குவதும், அதிலிருந்து விரைவாக மீள்வதும்.

சிறிய இடத்தில் நான்கு பேருக்கு நான்கு பேர், மூன்று நான்கு நிமிட ஆட்டம், பிறகு அதே அளவு ஓய்வு, இப்படி நான்கு தடவை. பாய்வதும் நிற்பதும் திரும்புவதும் இதில் வந்துவிடும். முழுவேக ஓட்டம் வராது. அதைத் தனியாக, நன்றாக உடலைச் சூடாக்கிய பிறகு, 30 மீற்றர் அளவில் சில தடவைகள் போதிய ஓய்வோடு சேர்க்க வேண்டும். முழுவேகத்துக்குப் பழகாத தொடைதான் ஆட்டத்தில் கிழிகிறது.

உச்சத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒவ்வொரு நாளும் அந்த உச்சத்தையே பயிற்சியில் கொடுப்பது அடுத்த தவறு. கிழமைக்கு ஒரு தடவை, கூடினால் இரண்டு தடவை போதும். பால்வெட்டும் கொழுந்துக் கூடைச் சுமையும் உள்ள நாளில் பயிற்சியைக் குறைப்பது சோம்பலுக்கு இடம் கொடுப்பதாகாது.

வெக்கை, காய்ச்சல், சாப்பாடு

இரத்தினபுரி நாட்டின் மிக ஈரமான பகுதிகளில் ஒன்று. ஆண்டு மழை 3,500 மில்லிமீற்றரைத் தாண்டும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வடியும், ஆனால் காயாது. காய்ந்தால்தான் உடல் குளிரும். 2014 உலகக் கிண்ணத்தில், வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் கணிக்கும் அளவு 32 பாகையைத் தாண்டினால் தண்ணீர் இடைவேளை என்று விதித்திருந்தார்கள். போர்த்தலேசாவில் நடந்த நெதர்லாந்து–மெக்சிக்கோ ஆட்டம் அப்படி நிறுத்தப்பட்டது. நமது சுற்றுப்போட்டிகளுக்கு அந்தக் கருவி தேவையில்லை. ஒவ்வொரு பாதியின் நடுவிலும் மூன்று நிமிடம் தண்ணீருக்கு நிறுத்துவது என்று மத்தியஸ்தரும் இரு அணிகளும் முன்கூட்டியே பேசிக்கொண்டால் போதும். வன்னியில் வெயில் வேறு மாதிரி. காற்று உலர்ந்திருக்கும்போது வியர்வை தெரியாமலே போய்விடும். தாகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

காய்ச்சலோடு ஆடக் கூடாது. இரத்தினபுரியும் கேகாலையும் எலிக்காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாவட்டங்கள். எலிக்காய்ச்சலும் டெங்குவும் இதயத் தசையைத் தாக்கக்கூடியவை. அந்த நிலையில் உச்ச உழைப்பு உயிரை எடுக்கலாம். இறுதியாட்டம் என்றாலும் காய்ச்சல்காரர் வெளியில்தான் இருக்க வேண்டும். காலில் புண்ணோடு சேற்றுத் தண்ணீரில் ஆடியவருக்குச் சில நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், உடனே வைத்தியசாலைக்குப் போய் அதைச் சொல்ல வேண்டும். போரில் காயப்பட்டு உடலில் செல் துண்டோடு வாழ்பவர்கள் கடுமையான ஆட்டத்துக்குத் திரும்புமுன் வைத்தியரிடம் கேட்பது அவசியம்.

சாப்பாடு பற்றியும் மறைக்க ஒன்றுமில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். பெருந்தோட்டங்களில் 32 வீதம். அப்போதைய பிள்ளைகள்தான் இன்று பாடசாலை அணிகளில் ஆடுகிறார்கள். இரத்தச்சோகை இருந்தால் தசைக்கு ஒட்சிசன் போதிய அளவு போகாது. அது முதலில் தெரிவது உச்ச நிமிடங்களில்தான். ஒரு வீரரின் கொப்பியில் உச்சம் தொடர்ந்து குறைவாகவும் மீள்வது மெதுவாகவும் இருந்தால், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், திட்டுவதற்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

ஆடும்போது ஒருவர் தடுமாறி, குழம்பிப் பேசி, உடல் கொதித்தால் அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக் குளிரவையுங்கள். ஒருவர் மோதாமலே சரிந்து, கூப்பிட்டால் அசைவில்லாமல், மூச்சும் வழமைபோல் இல்லாவிட்டால் இதயம் நின்றிருக்கலாம். உடனே நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளாலும் வலுவாக, வேகமாக அழுத்தத் தொடங்குங்கள். இன்னொருவர் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழைக்கட்டும். தோட்டத்துப் பாதையில் அம்புலன்ஸ் ஏறி வரும்வரை அழுத்துவதை நிறுத்தக் கூடாது.

கொப்பியில் எஞ்சியது

பலாங்கொடையைத் தாண்டிப் பெலிஹுல்ஓயாவில் இருக்கும் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானப் பட்டப்படிப்பு இருக்கிறது. தோட்டத்து மைதானங்களும் அதே மாகாணத்தில்தான் இருக்கின்றன. சாய்ந்த சிறிய மைதானத்தில், காலை வேலை முடித்து வந்து ஆடும் வீரரின் உச்சம் எவ்வளவு என்பது ஐரோப்பாவில் யாரும் அளந்து தரப்போகும் விடயமல்ல. இங்கிருந்துதான் அளக்க வேண்டும். தேர்தல் காலத்தில் ஜேர்சியும் பந்தும் கொண்டுவருபவர்களிடம், மைதானத்தைச் சமப்படுத்தித் தரும்படியும் ஒரு முதலுதவிப் பயிற்சி நடத்தும்படியும் கேட்கலாம்.

நான் கொப்பியோடு நின்ற ஆட்டத்துக்கு முதல் நாள், மருமகனுக்குப் பதிலாக அவனுடைய அண்ணன் பால்வெட்டுக்குப் போக ஏற்பாடு செய்திருந்தார்கள். அவன் இரவு நன்றாகத் தூங்கி, காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தான். இரண்டாம் பாதியில் கொப்பியின் வரிகள் ஒரு இடத்தில் நெருக்கமாகின. முன்பு அவன் உட்கார்ந்த அதே நேரம்தான். பயிற்றுவிப்பாளர் கத்தவில்லை. மத்தியகளப் பையனைக் கை காட்டி அவனுடைய பக்கத்தை மூடச் சொன்னார். அடுத்த சில வரிகளில் கோடு ஒன்றும் இல்லை. பிறகு மெல்ல மெல்லக் கோடுகள் திரும்ப வந்தன. கடைசி விசில் வரை அவன் மைதானத்துக்குள் நின்றான்.

ஆட்டத்தில் தோற்றுத்தான் போனார்கள். இருட்டும் நேரத்தில் திரும்பி நடக்கும்போது, "கொப்பிய என்கிட்ட குடுத்துட்டுப் போங்க மாமா, அடுத்த மேட்ச்ல நாங்களே எழுதுறோம்" என்றான். கொடுத்துவிட்டு வந்தேன்.